ஆலாக்கள் இறங்கிய இடம்

கடலில் எதன் மேலோ ஆலாப் பறவைகள் வரிசையாக இருந்தன. தொலைநோக்கியில் அவற்றின் வெள்ளை வயிறு நன்றாகத் தெரிந்தது. கீழே இருந்தது என்னவென்று தெரியவில்லை. அலை ஏறும்போது கறுப்பாக ஒரு கீற்று. இறங்கும்போது அதுவும் இல்லை. பறவைகள் வெறும் தண்ணீரின் மேல் நிற்பது போலவே இருந்தது.

"கட்டை," என்றேன். "மிதந்து வாற கட்டையிலை இருந்து இளைப்பாறுதுகள்."

மேரிறோஸ் என்னை விலக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அலுமாரிக்குள் சீனி இருக்கிறது என்று சொல்வதைப் போல, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

"அக்கா, அதிலை ஒராள் கிடக்கு."

நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வரவேண்டும்.

கரைக்கு வராத பறவைகள்

ஊருக்கே 'மிஸ்ஸி'யாக இருந்த ஆஸ்பத்திரித் தாதி வேலையில் இருந்து ஓய்வு பெற்று, விடியற்காலையில் எழும்பி எங்கே போவதென்று தெரியாமல் நின்ற நாட்களைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பு ஒரு கிழமை எழுதியிருந்தேன். அந்த நேரத்தில்தான் கனடாவில் இருந்து வந்த மகன் மூன்றுகால் வைத்த தொலைநோக்கி ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். தோட்டவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தில் இறங்கும் வாத்துகளை அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அவனுக்கு நினைப்பு. நான் அதைக் கடலுக்குத் திருப்பிவிட்டேன்.

மன்னாருக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் மாரியில், பூநாரைகளுக்காக வருவார்கள். எனக்குப் பிடித்தது வேறு கூட்டம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடங்கப்போகிற நாட்களில் தீவின் தென்கரையில் நின்றால், கபில முதுகும் வெள்ளைப் புருவமுமாக ஒரு வகை ஆலா கடலை உரசிக்கொண்டு தெற்கே போகும். எங்கோ தூரத்துத் தீவுகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்புகின்றன என்று படித்திருக்கிறேன். இவை கரைக்கு வருவதில்லை. காற்று அந்தப் பக்கம் இருந்து தள்ளினால்தான் நம் கண்ணுக்கே தெரியும். களைத்தால் மிதக்கிற கட்டை, ஆமை முதுகு, வலைமிதப்பு, எது கிடைத்தாலும் அதன் மேல் இறங்கி இருக்கும்.

மற்ற ஆலாக்கள் கத்தும். இவை போகும்போது சத்தமே இல்லை. இரண்டாக, மூன்றாக, காலை தொடங்கிப் பின்னேரம் மட்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் பறவைகள் நிற்கின்றன, கரைதான் நகர்கிறது என்று தோன்றும். அப்போது நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொள்வேன்.

யுத்த காலத்தில் கழுத்தில் பைனோகுலர் தொங்க ஒரு பெண் அந்தக் கரையில் நின்றிருந்தால், அவள் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பியிருக்க மாட்டாள். டோர்ச் பற்றரிக்கே பதில் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. ஆஸ்பத்திரிப் பஞ்சுப் பெட்டியைக்கூட வழியெல்லாம் திறந்து காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது நேவிப் பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்து, சிங்களத்தில், "மொக்கத பலன்னே?" என்று கேட்பான். என்ன பார்க்கிறீர்கள் என்கிறான். "குருல்லோ," என்பேன். பறவைகள். அவன் சிரித்துவிட்டுப் போவான். அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் என் பையைத் திறந்தே வைத்திருப்பேன். அது பழைய பழக்கம்.

இடையில் இருக்கும் தண்ணீர்

மேரிறோஸ் பேசாலையில் தையல் கடை வைத்திருப்பவள். கோவிலில் முதல்நன்மை வாங்கும் நாளில் பிள்ளைகள் போடும் வெள்ளைச் சட்டை என்றால் தோட்டவெளியில் இருந்தும் அவளிடம்தான் போவார்கள். அவளுடைய ஒரே தம்பி றெஜி, சில வருடங்களுக்கு முன், தென்கரையில் வலைக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் பெருநிலத்துக் கரையில் ஒதுங்கியது. அதற்குள் அவனுடைய செருப்பு இரண்டும் சோடியாக, வாசலில் கழற்றி வைத்தது போல இருந்ததாம். ஆள் வரவில்லை.

பிறஷர் பார்க்க என் வீட்டுக்கு வந்தவள் விறாந்தையில் நின்ற தொலைநோக்கியைக் கண்டாள். "இதாலை எவ்வளவு தூரம் தெரியும்?" என்று கேட்டாள். அடுத்த முறை நான் கடலுக்குப் போனபோது ஓட்டோவில் எனக்கு முன்னரே ஏறி இருந்தாள்.

ஒரு பறவையின் பெயரையும் அவள் என்னிடம் கேட்டதில்லை. நான் பறவைகளைப் பார்ப்பேன். அவள் பறவைகளுக்கு இடையில் இருக்கும் தண்ணீரைப் பார்ப்பாள்.

"அந்தா, ஒராள்," என்று அவள் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒருமுறை அது வலைமிதப்பு. ஒருமுறை செத்த ஆமை. ஒருமுறை, எங்கிருந்து வந்ததோ, ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவு. ஒவ்வொரு தடவையும் நான் பார்த்துச் சொன்ன பிறகு, "ஓமக்கா, அதுதான்," என்று அமைதியாகச் சொல்வாள். பிறகு மறுபடியும் பார்ப்பாள்.

ஆகவே அன்றைக்கும் நான் அவசரப்படவில்லை.

அன்றையக் கரை

அன்று வானம் நீலமாக இல்லை, முகிலும் இல்லை. காற்றில் பறந்த உப்புத்தூளால் எல்லாம் வெள்ளைப் புகை மூடியது போலிருந்தது. கணுக்கால் உயரத்தில் மணல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தால் நம்முடைய பாதம் தெரியாது. காற்றாலைகளின் இறக்கை நிழல் ஒவ்வொன்றாகக் கரையைக் கடந்து, எங்கள் மேல் ஏறி இறங்கி, கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நிழல் தொடும் நேரம் முதுகு சில்லிடும். கழுதைகள் சில பற்றை ஓரமாக நின்றன. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி, ஒரே பக்கம் பார்த்து, அசையாமல்.

அந்தக் காற்றுக்காலத்தில் தென்கரையில் தொழில் இல்லை. பேசாலையார் வள்ளங்களை வடகரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மீனவர்கள் தங்கும் வாடிகள் எல்லாம் ஓலை பறந்து வெறுமையாகக் கிடந்தன. ஒரே ஒரு வாடியில் சூசையண்ணை மட்டும் வலைகளுக்குக் காவலாக இருந்தார். மேரிறோசுக்குப் பெரியப்பா மகன். அவருடைய வள்ளமும் கரையில் ஏற்றிக் கிடந்தது.

நான் மறுபடியும் தொலைநோக்கியில் பார்த்தேன். வரிசையில் இருந்த ஆலாக்கள் சும்மா இருந்தன. நடுவில் ஒன்று மட்டும் செட்டையை விரிப்பதும் எழும்புவதும் அதே இடத்தில் திரும்ப இருப்பதுமாக இருந்தது. கட்டை ஆடினால் எல்லாம் ஆட வேண்டும். இந்த ஒன்றுக்குக் கீழே மட்டும் ஏதோ அசைகிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். அந்த அசைவுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஏறியது, நின்றது, இறங்கியது.

முப்பது வருடத்துக்கு மேல் வார்டுகளில் நின்றவள் நான். எனக்குத் தெரியாமல் போகாது. அது மூச்சு.

"கண்ணை எடுக்கக்கூடாது"

சூசையண்ணை முதலில் மறுத்துவிட்டார்.

"இந்தக் காத்திலை வள்ளம் இறக்கேலாது மிஸ்ஸி. ஏறின கையோடை பிரட்டிப்போடும்."

"ஆள் கிடக்கு அண்ணை," என்றாள் மேரிறோஸ்.

"உனக்கு எப்பவும் ஆள் கிடக்கும், பிள்ளை." அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். றெஜியைத் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"நானும் கண்டனான், சூசை," என்றேன். "வந்து பாருங்கோ."

அவர் வந்து பார்த்தார். நிமிர்ந்தபோது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எஞ்சினைத் தூக்கப் போனார்.

தண்ணீர் இறைக்கவும் ஆளைத் தூக்கவும் இன்னொருவர் வேண்டும். கரையில் வேறு யாரும் இல்லை. மேரிறோஸ் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினாள். அங்கே பெண்கள் வள்ளத்தில் ஏறுவது வழக்கமில்லை. சூசையண்ணை அவளை ஒருமுறை பார்த்தார், இறங்கச் சொல்லவில்லை. அப்போதுதான் அந்தப் பக்கம் வந்த நேவிப் பெடியன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினான். அலை முன்பக்கத்தைத் தூக்கி அடித்தது. பிறகு போய்விட்டார்கள்.

போகும்போது சூசையண்ணை எனக்குச் சொன்னது இதுதான்: "மிஸ்ஸி, நீங்கள் கண்ணை எடுக்கக்கூடாது. வள்ளத்திலை இருந்து எங்களுக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் விட்டால் போச்சு."

அந்தப் பெடியன் கவிழ்ந்து கிடந்த தோணி ஒன்றின் மேல் ஏறி, சட்டையைக் கழற்றிப் பிடித்துக்கொண்டான். நான் கண்ணை எடுக்காமல், "வமட்ட," என்றால் இடப்பக்கம் வீசுவான். "தகுணட்ட," என்றால் வலப்பக்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அன்று உதவியது அந்த இரண்டு சொல்தான்.

கண்ணில் நீர் வழிந்தது. இமைக்கப் பயமாக இருந்தது. தொலைநோக்கியின் வட்டத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. காற்றும் கடலும் வட்டத்துக்கு வெளியே இரைந்துகொண்டிருந்தன. இப்போது அந்தக் கறுப்புக் கீற்று வள்ளம் என்று தெரிந்தது, கவிழ்ந்த வள்ளத்தின் முதுகு. ஒரு பாதியில் மனிதன் குப்புறக் கிடந்தான். அவன் முதுகிலும் தோளிலும் ஆலாக்கள். மற்றப் பாதியில் ஒரு பறவையும் இல்லை. அங்கேயும் இடம் இருந்தது. புதிதாக வந்தவைகூட அந்தப் பக்கம் இறங்கப் பார்த்து, விலகி, இவன் மேலேயே வந்து நெருக்கி இருந்தன.

அலை அடிக்கிற பக்கம் அதுவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சூசையண்ணையின் வள்ளம் வட்டத்துக்குள் வந்தது. ஆலாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. ஒரு விரிப்பை உதறியது போல. தெற்கே திரும்பி, விட்ட இடத்தில் இருந்து தொடங்குவது போலப் போய்விட்டன. மனிதன் தலை தூக்கவில்லை. மேரிறோஸ் வெளியே சரிந்து அவன் தலைமயிரைப் பிடித்தாள். முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆனால் அது றெஜி இல்லை என்று அவள் அறிந்துகொண்ட நேரம் எனக்குத் தெரிந்தது. அவள் அவனை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"இது எந்தக் கர?"

உப்பு அவன் இமைகளை ஒட்டியிருந்தது. உதடு வெடித்து, தோல் ஊறி வெளுத்து, பறவை எச்சம் தோளெல்லாம் காய்ந்து கிடந்தது. வாடிக்குள் கிடத்தி, சூசையண்ணையின் சாரங்களால் சுற்றினோம். ஈரத்துணியால் வாயை நனைத்து, கரண்டியால் துளித்துளியாகத் தண்ணீர் கொடுத்தேன். அவன் குடத்தையே கேட்டான். கொடுக்கவில்லை. பெடியன் தன் முகாமுக்கு அறிவித்து அம்புலன்சுக்குச் சொல்லியிருந்தான்.

கண்ணைத் திறந்தவன் முதலில் கூரையைப் பார்த்தான்.

"இது எந்தக் கர?"

"மன்னார்," என்றேன். "பேசாலைப் பக்கம். நீங்கள் எங்கை?"

"தனுஷ்கோடிக்கி அங்கிட்டு, அக்கா." கையைத் தூக்கித் தன் விரல்களைப் பார்த்தான். "நான் இருக்கேனா?"

"இருக்கிறியள். ஏன் கேக்கிறியள்?"

"அதுக என் மேல ஒக்காந்துச்சு. தோள்ல, தலையில. கைய ஆட்டிப் பாத்தேன், போகல. உசுரோட இருக்கற ஆளு மேல பறவ ஒக்காருமா? அப்பத்தான் தெரிஞ்சுச்சு, நம்ம முடிஞ்சு போனோம்னு. அதுக்கப்புறம் நான் பயப்படல."

அதைக் கேட்டு மேரிறோஸ் அவன் உள்ளங்கையைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடியும் தேய்த்தாள்.

பெயர் நம்புராசன். தனியாக, சின்ன வள்ளத்தில், கரையோரமாகத் தொழிலுக்கு வந்தவன். எஞ்சின் நின்றுவிட, காற்று இழுத்துக்கொண்டு வந்து கவிழ்த்திருக்கிறது. அக்கரை வள்ளம் என்றால் எங்கள் ஆட்கள் பலருக்கு முகம் இறுகும். அக்கரைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன கதைகள் ஏராளம். சூசையண்ணைக்கும் அந்தக் கதை உண்டு. ஆனாலும் அவர் அம்புலன்ஸ் வந்தபோது தன்னுடைய நல்ல சேர்ட்டை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டார்.

அந்தப் பக்கம் இருந்தவர்

பொலிஸ், விசாரணை, அவனைத் திருப்பி அனுப்பும் ஒழுங்குகள் எல்லாம் முறைப்படி நடந்தன. அதற்கிடையில் அவன் மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்தான். வார்டில் நின்ற தாதிமாரில் பாதிப்பேர் என்னிடம் வேலை பழகியவர்கள். என்னை உள்ளே விட்டார்கள். மேரிறோஸ் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

அவன் முகத்தில் களை திரும்பியிருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுக் கேட்டான்.

"கூட இருந்தவரு என்ன ஆனாரு, அக்கா? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"நீங்கள் தனியத்தானே வந்தனீங்கள்?"

"தனியாத்தான் வந்தேன். கவுந்த பெறகு, ராத்திரி, அந்தப் பக்கம் ஒருத்தர் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. மொகம் பாக்கல. இருட்டு. கண்ணசந்தா போதும், சத்தம் குடுப்பாரு."

மேரிறோஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டாள்.

"'நித்திரை கொள்ளாதை.' அம்புட்டுத்தான். திரும்பத் திரும்ப அதான். எங்க ஊர்ல தூங்காதடான்னுதான் சொல்லுவோம். இது ஒங்க பேச்சு. சின்னப் புள்ளையில மண்டபம் அகதிக் கேம்புல ஒங்க ஆளுகளோட வெளையாடியிருக்கேன். அந்தப் பேச்சு எனக்குத் தெரியும்."

இதற்கு விளக்கம் இருக்கிறது. குளிரிலும் தாகத்திலும் கிடக்கும் மூளை தனக்குத் துணையைத் தானே உண்டாக்கும். கடலில் இருந்து வந்த வேறு ஆட்களும் வார்டில் கிடந்து, இல்லாதவர்களோடு பேசியதை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் கேட்ட பேச்சு அடிமனதில் கிடந்து மேலே வந்திருக்கும். இதை எல்லாம் எவ்வளவு மெதுவாக மேரிறோசுக்குச் சொல்வது என்றே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எதைப் பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன்.

அவள் கட்டிலில் இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"குரல் எப்பிடி?"

"கனத்த கொரலு. வயசான ஆளு. நடுநடுவுல இருமுனாரு."

"இளம் ஆள் இல்லையோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவன் யோசித்தான். அவளுக்கு என்ன வேண்டுமென்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"இல்லக்கா. வயசானவருதான்."

வெளியே வாகை மரத்தடிக்கு வந்தோம்.

"தம்பிக்கு மெல்லிசுக் குரல்," என்றாள். "கோவில் பாட்டிலை எங்களோடை சேந்து மேலைதான் பாடுவான். அது அவன் இல்லை, அக்கா."

நான் வைத்திருந்த விளக்கத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை.

"அப்ப அது ஆர்?"

யாராகவும் இருக்கலாம். தொழிலுக்குப் போய் வராதவர்கள் இருக்கிறார்கள். யுத்தத்துக்குப் பயந்து அக்கரைக்கு வள்ளம் ஏறி, போய்ச் சேராதவர்கள் இருக்கிறார்கள். வெளிக்கிட்டது யார், சேர்ந்தது யார் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அந்த வாகை மரத்தடியில், நல்ல மத்தியான வெயிலில், அந்தக் கடல் முழுவதும் ஆட்கள் முழித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தாதி வேலை படித்தவள் இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

கார்த்திகையில்

நம்புராசன் ஊர் போய்ச் சேர்ந்து, மனைவியையும் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் முகம் காட்டிப் பேசினான். இப்போது கடலுக்குப் போவதில்லை, ஐஸ் கொம்பனியில் வேலை என்றான்.

கோவிலில் இறந்தவர்களின் பேர்களை வாசிக்கும் இறந்தோர் நாளுக்கு முன் மேரிறோஸ் என்னையும் கூட்டிக்கொண்டு பேசாலைக் கோவில் பாதரிடம் போனாள். அன்றுவரை றெஜியின் பேரை இறந்தவர்களோடு வாசிக்க அவள் விட்டதில்லை. இப்போது தானே கொடுத்தாள்.

"இன்னொராளும் இருக்கு, பாதர். பேர் தெரியாது."

"பேர் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை வாசிக்கிறது?"

"குரல் கேட்டிருக்கு. ஆள் ஆரெண்டு தெரியாது. கடலிலை கிடக்கிறவர்."

பாதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்றார்.

அன்று கோவில் நிறைந்திருந்தது. றெஜியின் பேரை வாசித்து முடித்த கையோடு பாதர் வாசித்தார்: "கடலில் இறந்த, பெயர் அறியாத ஒருவருக்காக."

சனம் அசைந்த சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண் சேலைத்தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள். எங்களுக்குப் பின்னால் யாரோ முழங்காலில் இருந்தார்கள். பிறகு இன்னும் யாரோ.

பூசை முடிந்து வெளியே வந்தோம். பேசாலையில் எதுவும் மறைவாக இருக்காது. யார் கொடுத்த பேர் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. படியடியில், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத ஒரு கிழவி வந்து மேரிறோசின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பேரில்லாத ஆள், பிள்ளை. எங்கட அவருக்கோ குடுத்தனி?"

மேரிறோஸ் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஓம், ஆச்சி."

கிழவி அவள் கையைக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, அதே கேள்வியைக் கேட்டார்கள். மேரிறோஸ் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, எல்லாருக்கும், "ஓம்," என்றாள்.